மாணவர் படத்துக்காக வீடியோ கேசட் தோற்றத்தை உருவாக்கியவர்களின் அனுபவங்கள்

எடிட்டிங் மாணவி:
என் இறுதியாண்டுக் குறும்படத்தில் நான்கு நிமிடங்கள், 1990களில் வீட்டில் எடுத்த வீடியோவாகத் தெரிய வேண்டியிருந்தது. சினிமாவைப் போல நொடிக்கு 24 பிரேமில் (முழுப்படங்களாக) எடுத்த காட்சியின் மேல் கோடுகள், இரைச்சல், நிறக்கசிவு, மூலையில் தேதி என எல்லாவற்றையும் ஏற்ற இரண்டு வாரம் உழைத்தேன். முன்னோட்டத்தின்போது, கேசட் காலத்தில் கேமரா பிடித்த பெரியவர் ஒருவர், அம்மா கையசைக்கும் இடத்தில் படத்தை நிறுத்தச் சொல்லி, "அழுக்கெல்லாம் சரிம்மா, ஆனால் இது சினிமாக் கை" என்றார். அவர் சொன்னது உண்மை. அந்தக் கேமராக்கள் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 50, என்டிஎஸ்சி (NTSC) என்ற முறையில் ஏறத்தாழ 60 அரைப்படங்களை (ஒன்றுவிட்டு ஒரு வரி மட்டும் கொண்ட படங்களை) பதிந்ததால், அசைவு வழுக்கிக்கொண்டு போகும். மறுபடி எடுக்க நாள் இல்லை. இன்றும் அந்தக் காட்சியில் எனக்குக் கை மட்டுமே தெரிகிறது.

பழைய ரீல்:
நாங்கள் மென்பொருளைத் தொடாமல், யாரோ பயன்படுத்திய விஎச்எஸ் (VHS) வகை வீடியோ கேசட்டில் எங்கள் காட்சியைப் பதிந்து, அதை ஓட்டித் திரும்பக் கணினிக்குள் எடுத்தோம். தோற்றம் அப்படியே அமைந்தது. ஆனால் எங்கள் பதிவு முடிந்து நொடிப்பொழுது வெண்புள்ளிகள் சிதறிய பிறகு, முன்பின் அறியாத ஒரு குழந்தை கேமராவை நோக்கிச் சிரித்தபடி ஓடி வந்தது. எங்கள் நான்கு நிமிடத்துக்காக அதற்கு முன்னால் இருந்த எதை அழித்தோம் என்பது தெரியாமலே போய்விட்டது.

வரிக்கோடு:
முதலில் எழுதியவருடன் நான் முழுதாக உடன்படவில்லை. அசைவு மட்டும் சரியானால் போதாது. என் படத்தில் ஷாட்டுக்கு ஷாட் டிராக்கிங் பட்டை (கேசட் சரியாகப் படிக்கப்படாதபோது திரையில் தோன்றும் இரைச்சல் பட்டை) ஓடவிட்டதால், நாயகியின் கையிலிருந்த கடிதத்தை ஒருவரும் கவனிக்கவில்லை. நல்ல நிலையிலுள்ள கேசட்டில் அத்தகைய பட்டை அரிதாகவே வரும் என்பதால், கதை கேட்கும் ஓரிடத்தில் மட்டும் வையுங்கள். விஎச்எஸ்ஸின் கிடைமட்டத் துல்லியம், அதாவது பக்கவாட்டில் பிரித்துக் காட்டும் நுணுக்கம், ஒளியில் சுமார் 240 கோடுகள், நிறத்திலோ சுமார் 40 மட்டுமே. ஆகவே படம் முழுவதையும் மங்கலாக்காமல், நிறத்தை மட்டும் பக்கவாட்டில் பரவவிட வேண்டும். சிவப்புச் சட்டை தன் ஓரத்தைத் தாண்டி வழிவது இதனால்தான். கேசட் கருவியின் டிரம் என்ற உருளையில் சுழன்று நாடாவைப் படிக்கும் இரண்டு ஹெட்டுகளும் மாறுமிடத்தில் அடிவிளிம்பின் சில வரிகள் கோணலாகும். பழைய பிக்சர் டியூப் டிவி அந்த விளிம்பை மறைத்துவிடும் என்பதால், கதைக்குள் அப்படிப்பட்ட டிவியில் ஓடும் காட்சியில் அதைக் காட்டாதீர்கள். கேசட்டை நேராகக் கணினிக்கு எடுத்ததாகக் கதை சொன்னால் காட்டுங்கள்.

எடிட்டிங் மாணவி:
நிறத்தைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். அசைவில் ஏற்க மாட்டேன். 24 பிரேமை மென்பொருளால் 50 ஆக்கிப் பார்த்துவிட்டேன். கையசைக்கும்போது அம்மாவின் விரல்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்துவிட்டன. அடுத்த படத்துக்குக் கேமராவிலேயே நொடிக்கு 50 பிரேம் வைத்து எடுத்து, அதிலிருந்துதான் அரைப்படங்களைப் பின்னப் போகிறேன்.