லெனின் பெயரில் இருந்த ஊர்கள்: போனவர்கள், இருந்தவர்கள் எழுதுங்கள்

தாமிரபரணிக்கரை

கப்பலில் எஞ்சின் பிரிவில் இருந்தவன் நான். லெனின்கிராட் துறைமுகத்துக்கு சோவியத் காலத்திலும் போயிருக்கிறேன், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆன பிறகும் போயிருக்கிறேன். பேர் மாறின கதை இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1914-ல் ஜெர்மன் வாடை வேண்டாம் என்று பெட்ரோகிராட், 1924 ஜனவரியில் லெனின் இறந்த அஞ்சாம் நாள் லெனின்கிராட், 1991 செப்டம்பரில் திரும்பப் பழைய பேர். அதை விடுங்கள். ஒரு பாட்டியைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

பேர் மாறிய பிறகு ஒரு தடவை, கரையிறங்க அனுமதி கிடைத்த நாளில், பிஸ்கரியோவ்ஸ்கோயே கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் படை போட்ட 872 நாள் முற்றுகையில் செத்தவர்களை அங்கேதான் புதைத்திருக்கிறார்கள். பொதுமக்கள் சுமார் 4,20,000 பேர், படைவீரர்கள் 70,000 பேர். பெரும்பாலும் தனித்தனிக் கல்லறை கிடையாது. நீளநீளமாகப் புல்மேடு, ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு கருங்கல். கல்லில் பேர் இல்லை, வருஷம் மட்டும்தான்: 1942. பொதுமக்கள் மேடு என்றால் அரிவாள் சுத்தியல், வீரர்கள் மேடு என்றால் நட்சத்திரம். அப்படி ஒரு கல்லின் மேல் கறுப்பு ரொட்டித் துண்டும் ரெண்டு மிட்டாயும் வைத்துவிட்டு அந்தப் பாட்டி நின்றுகொண்டிருந்தார்.

எங்களோடு வந்த ஜூனியர் பையன், நல்ல பிள்ளை, தெரிந்த நாலு ரஷ்ய வார்த்தையில் "பீட்டர்ஸ்பர்க் அழகான ஊர்" என்று பாட்டியிடம் சொன்னான். அவர் கோபப்படவில்லை. பையிலிருந்து இன்னொரு துண்டு ரொட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நாலு விரல் அகலம் இருக்கும். 125 கிராம். 1941 நவம்பர் 20-லிருந்து டிசம்பர் 25 வரைக்கும் வேலைக்குப் போகாதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு நாளுக்கு அவ்வளவுதான் அளந்தார்கள், அதிலும் மாவோடு என்னென்னவோ கலந்து. "இதை நான் தின்றது லெனின்கிராடில். என் அம்மா செத்தது லெனின்கிராடில். பீட்டர்ஸ்பர்க்கில் எனக்கு யாரும் சாகவில்லை" என்றார். எங்கள் ஏஜென்ட் அதை இங்கிலீஷில் சொல்லி முடிக்கும்வரை அவர் கையை மடக்கவே இல்லை.

நான் கட்சிக்காரன் கிடையாது. ஆனாலும் அன்றைக்குப் பிறகு அந்த ஊருக்கு வேறு பேர் என் வாயில் வரமாட்டேன் என்கிறது. இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஸ்டெத் பையன்

ஐயா, என்னது லெனின் இல்ல, ஃப்ரூன்ஸே. இங்க எழுதலாமான்னு தெரியல, எழுதிடறேன்.

நான் எம்பிபிஎஸ் படிச்சது கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்ல. முதல் தடவை கிளம்பறப்ப சென்னை ஏர்போர்ட்ல பெட்டிக்கு டேக் ஒட்டறாங்க, அதுல எஃப்-ஆர்-யு-ன்னு போட்டிருக்கு. எங்கப்பா பயந்துட்டார். "பையன் போறது பிஷ்கெக், பெட்டி எங்கம்மா போகுது?"ன்னு கவுன்ட்டர்ல நிக்கறார், நகரவே மாட்டேங்கறார். வரிசைல பின்னாடி இருந்த சீனியர் அண்ணன்தான் சமாதானம் சொன்னார். ஊர் 1926-லருந்து 1991 வரைக்கும் ஃப்ரூன்ஸே. ஊர் பேரை மாத்தினாங்க, ஏர்போர்ட் கோடு மட்டும் அப்ப இன்னும் மாறல. மிகயீல் ஃப்ரூன்ஸே அந்த ஊர்லயே 1885-ல பிறந்தவர், செஞ்சேனைத் தளபதி, 1925-ல வயித்துப்புண் ஆபரேஷனுக்கு அப்புறம் செத்துப் போனார். மெடிக்கல் பசங்க நாங்க அவர் வீட்டு மியூசியத்துக்குப் போனா பேசினது முழுக்க அந்த ஆபரேஷனைப் பத்திதான்.

ஆனா மனசுல நிக்கறது வேற. ரெண்டாவது வருஷம், பனிக்காலம், ராத்திரி. ரூம்மேட்டுக்கு வலதுபக்கம் அடிவயித்துல வலி, தொட்டா கத்தறான். எங்களுக்கே தெரியுது குடல்வால்னு. டாக்ஸிக்கு போன் போட்டு "அப்துரக்மானவ் தெரு"ங்கறேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. திரும்பச் சொல்றேன், எழுத்தெழுத்தா சொல்றேன். வீட்டுக்காரப் பாட்டி போனைப் பிடுங்கி "சவேத்ஸ்காயா!"ன்னு ஒரே சத்தம். கொஞ்ச நேரத்துல வண்டி வாசல்ல. போர்டுல புதுப் பேர் மாட்டி எத்தனையோ வருஷம் ஆச்சு, ஊர் வாயில இன்னும் சோவியத் தெருதான். அவனுக்கு அன்னைக்கே ஆபரேஷன் ஆச்சு, இப்ப நல்லா இருக்கான். அந்தப் பாட்டி குரல் மட்டும் இன்னும் காதுல இருக்கு.

சரக்குப்பெட்டி

முதல் பதிவு போட்ட ஐயா மேல் மரியாதை வைத்தே சொல்கிறேன், எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பாட்டியின் துக்கத்துக்கு முன்னால் யாரும் வாயைத் திறக்க முடியாது. ஆனால் 1991 ஜூன் 12-ல் அந்த ஊர் மக்களிடமே கேட்டார்கள். வாக்களித்தவர்களில் 54 சதவீதம் போலப் பழைய பேர்தான் வேண்டும் என்றார்கள். முற்றுகையில் தப்பியவர்களும் அதில் இருந்திருப்பார்கள். 1924-ல் யாரிடம் கேட்டார்கள்? லெனினின் மனைவி குரூப்ஸ்காயாவே பத்திரிகையில் எழுதினார்: அவர் பேரில் நினைவுச்சின்னம் வேண்டாம், மாளிகைகளுக்கு அவர் பேர் வேண்டாம், மதிக்க வேண்டுமானால் பிள்ளைகள் காப்பகமும் பள்ளிக்கூடமும் கட்டுங்கள் என்று. அது ஜனவரி 30. ஊர் பேரை ஜனவரி 26-லேயே மாற்றி முடித்துவிட்டார்கள். கூடவே வாழ்ந்தவர் வாயைத் திறக்கும் முன்னாலேயே வைத்த பேர் அது. மாறியது நியாயம்தான்.

என் அனுபவம் சின்னது. சரக்குப் போக்குவரத்து வேலை. மாஸ்கோவிலிருந்து ரயிலில் போனேன். ஏறுகிற நிலையத்தின் பேர் லெனின்கிராட் நிலையம், இறங்குகிற ஊர் பீட்டர்ஸ்பர்க். இறங்கியதும் மெட்ரோ, அதன் முழுப் பேரில் இன்னும் லெனின் இருக்கிறார். மறுநாள் உஸ்த்-லூகா துறைமுகத்தில் வேலை. அது நகர எல்லைக்கு வெளியே. நகரம்தான் பேர் மாறியது, சுற்றியுள்ள மாகாணம் இன்றைக்கும் லெனின்கிராட் மாகாணம். அதனால் ஒரே பில்லில் அனுப்புநர் முகவரி பீட்டர்ஸ்பர்க், ஏற்றுமிடம் லெனின்கிராட். நம்மூர் வங்கியில் அதைப் பார்த்துவிட்டு "இது ஒரே ஊர்தானே, ஏன் ரெண்டு பேர்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வரைபடத்தை அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் எல்லைக்கோடு போட்டு, விளக்கக் கடிதம் வைத்த பிறகுதான் பணம் வந்தது.

மலையேறி

லெனின் சிகரத்தை யாரும் சொல்லவில்லையே. 7,134 மீட்டர், கிர்கிஸ்தான்–தஜிகிஸ்தான் எல்லையில். முதலில் ஜார் காலத்து கவர்னர் காஃப்மன் பேர், 1928-ல் லெனின் பேர். 2006-ல் தஜிகிஸ்தான் இப்னு சீனா சிகரம் என்று மாற்றிக்கொண்டது, கிர்கிஸ்தானில் இன்னும் லெனின்தான். அச்சிக்-தாஷ் அடிவார முகாமில் சமையல் கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்து தஜிக் நண்பர் ஒருவரோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். கிர்கிஸ் சமையற்காரர் "நாளைக்கு லெனின் தெரியும், மேகம் விலகுகிறது" என்றார். தஜிக்காரர் டம்ளரை வைத்துவிட்டு, "இப்னு சீனா தெரிவார். அவர் உயிரைக் காப்பாற்றின வைத்தியர்" என்றார். சமையற்காரர் பதில் பேசாமல் அவர் டம்ளரில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். அவ்வளவுதான் நடந்தது.

யாராவது இதைப் படித்துவிட்டுக் கிளம்புவதாக இருந்தால் தயவுசெய்து கேளுங்கள். "சுலபமான ஏழாயிரம்" என்று விளம்பரம் செய்வார்கள், நம்பாதீர்கள். 1974 ஆகஸ்டில் எல்விரா ஷதாயெவா தலைமையில் ஏறிய எட்டுப் பெண்களும் உச்சிக்குப் பக்கத்தில் புயலில் மாட்டி இறந்தார்கள். 1990 ஜூலை 13-ல் நிலநடுக்கத்தால் பனிச்சரிவு வந்து, இரண்டாம் முகாமில் இருந்த 43 பேர் போனார்கள். நம்மூர்க்காரர்கள் செய்கிற தப்பு, லீவு குறைவு என்று அவசரமாக ஏறுவது. ஜூலை, ஆகஸ்ட் தவிர வேறு மாதம் யோசிக்காதீர்கள். அடிவார முகாமே 3,600 மீட்டர். முதல் முகாம் 4,400 அளவில். அங்கே போய்ச் சேர்ந்ததும் மேலே ஓடாமல் தங்குங்கள். பகலில் உயரம் போய்ப் பார்த்துவிட்டு ராத்திரி கீழே வந்து தூங்குங்கள். தலைவலியோடு வாந்தியும் சேர்ந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு ஏற வேண்டாம், கீழே இறங்குங்கள். பனிப்பாளத்தில் கயிறு கட்டாமல் நடக்காதீர்கள், விரிசல் மேலே மூடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. எல்லைப்பகுதி அனுமதிச்சீட்டை முன்கூட்டியே வாங்குங்கள். காப்பீடு எடுக்கும்போது எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்று எழுத்தில் கேளுங்கள். பொடியும் ஊறுகாயும் கொண்டுபோங்கள், அந்த உயரத்தில் பசிக்காது, நாக்குக்குப் பழகினது இருந்தால்தான் நாலு வாய் இறங்கும். தண்ணீர் மட்டும் விடாமல் குடியுங்கள்.

ஸ்டெத் பையன்

மலை அண்ணா, மாத்திரை விஷயம் சரியா சொன்னீங்க. ஆனா இது பேர் பத்தின இழை :)

பெட்டியடி வீடு

சரக்குப்பெட்டி சார், மக்களிடம் கேட்டார்களா என்று கேட்டீர்கள். சைகோனில் யாரும் கேட்கவில்லை. 1976 ஜூலை 2-ல் ஹோ சி மின் நகரம் என்று ஆனது. அதற்கு முந்தைய வருஷம்தான் போர் முடிந்திருந்தது. அந்த மனிதர் அந்த ஊரிலிருந்து 1911-ல் கப்பல் ஏறினவர், 1969-ல் இறக்கும்வரை திரும்ப அந்த ஊருக்கு வரவே இல்லை. அந்த ஊருக்குத் தன் பேர் வந்ததை அவர் பார்க்கவில்லை.

எங்கள் ஐயா சைகோன் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, பிறகு ஏஜென்ட் ஆனவர்கள். வீட்டில் பழைய கணக்குப் பேரேடுகளில் எல்லாம் "சைகோன் கடை வரவு" என்றுதான் இருக்கும். அப்பத்தா கடைசிவரை வேறு பேர் சொன்னதில்லை. அவர்கள் போன பிறகு நான் அங்கே போனேன். டோன் தட் தியெப் தெருவில் நகரத்தார் கட்டிய தெண்டாயுதபாணி கோயில். காரைக்குடியிலிருந்து வருகிறேன் என்றதும் அங்கே இருந்த ஆச்சி எழுந்துவிட்டார். முகம் முழுக்க வியட்நாம் முகம், அப்பா தமிழர். தமிழில் அவருக்கு மிச்சம் இருந்தது சாமி பேரும், "வாங்க", "உட்காருங்க", "காரைக்குடி"யும்தான். நன்கொடைக்கு ரசீது எழுதினார். ஊர்ப்பேர் போடுகிற இடத்தில் ஹோ சி மின் நகரத்தின் சுருக்கெழுத்தைக் கை பாட்டுக்கு எழுதுகிறது, வாய் "சைகோன், சைகோன்" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பேனா ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ரெண்டு பேரும் அவருக்குச் சொந்தம்தான் என்று எனக்குப் பட்டது.

விமான டிக்கெட்டில் இன்னும் எஸ்-ஜி-என். ரயில் நிலையத்துக்கும் ஆற்றுக்கும் சைகோன். 2025 ஜூலையில் வார்டுகளைத் திருத்தியபோது நகர மையத்தில் ஒரு வார்டுக்கே சைகோன் என்று அரசாங்கமே பேர் வைத்தது. அப்பத்தா இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

ஹூக்ளிக்கரைத் தமிழன்

கல்கத்தாவில் வங்கி வேலை. லெனின் சரணி என்று பஸ் கண்டக்டரிடம் சொன்னால் "தர்மதலா?" என்று திருப்பிக் கேட்பார். அது பழைய பேர். ஆனால் ஹோ சி மின் சரணி மனதில் நின்றுவிட்டது. முன்பு ஹாரிங்டன் தெரு. வியட்நாம் போர்க் காலத்தில் இடதுசாரி ஆட்சி பேரை மாற்றியது, அமெரிக்கத் துணைத் தூதரகம் அந்தத் தெருவில் இருந்ததால்தான். மகளின் விசாவுக்காக வரிசையில் நின்றபோது, அவள் கையில் இருந்த தாளில் அமெரிக்கத் துணைத் தூதரகம், ஹோ சி மின் சரணி என்று மேலும் கீழும் அச்சாகியிருந்தது. அவள் கேட்டாள், நான் போர்க் கதை முழுவதையும் வரிசையிலேயே சொன்னேன். முன்னால் நின்றவர்களும் திரும்பிக் கேட்டார்கள். பேர் மாற்றியதற்கு அந்த அரை மணி நேரமே போதும் என்பேன்.

அரகாட்ஸ்

ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் சில வருஷம் இருந்தேன். தாமிரபரணி ஐயாவின் பாட்டிக்கு நேர் எதிராக ஒருவரைப் பார்த்தேன், அதனால் எழுதுகிறேன்.

அந்த நாட்டு ஊர் கியும்ரி. 1837-லிருந்து அலெக்சாந்த்ரபோல், 1924-ல் லெனினகான், 1990-ல் குமைரி, 1992-ல் கியும்ரி. 1988 டிசம்பர் 7, காலை 11:41-க்கு நிலநடுக்கம். அந்த வட்டாரம் முழுக்கச் செத்தவர்கள் 25,000 பேர் அளவில். தற்காலிகம் என்று கொடுத்த தகரப் பெட்டி வீடுகளில் ஜனங்கள் பல பத்து வருஷம் குடியிருந்தார்கள். அப்படி ஒரு வீட்டு வாசலில் ஒரு தாத்தா வெயில் காய்ந்துகொண்டிருந்தார். பழைய லெனினகான் எந்தப் பக்கம் என்று என்னோடு வந்த நண்பர் வழி கேட்டார்.

தாத்தா எழுந்து, கைத்தடியால் தெருவில் இருந்த கறுப்புக் கல் வீடுகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஜார் காலத்துச் சுவர், தூண் எல்லாம் நின்றுகொண்டிருந்தன. "இதெல்லாம் அலெக்சாந்த்ரபோல். விழவில்லை." பிறகு வெறும் மைதானமாகக் கிடந்த இடத்தைக் காட்டினார். ஒன்பது மாடிக் குடியிருப்புகள் இருந்த இடம், வார்த்த கான்கிரீட் துண்டுகளைப் பொருத்திக் கட்டியவை. "இது லெனினகான். என் மகளும் பேரனும் இதற்குள்ளே. அந்தப் பேரை என் வாசலில் சொல்லாதே." தடியைச் சுவரில் சாத்திவிட்டு எங்களுக்கு நாற்காலி எடுத்துவரப் போனார்.

ஆக, சரக்குப்பெட்டி சொல்கிற வாக்குக் கணக்கை நான் ஏற்கிறேன், ஆனால் அது மட்டும் போதாது. ஒரே மனிதரின் பேர்தான். ஒரு ஊரில் தாங்கிப் பிழைத்தவர்களின் பேராகிவிட்டது, இன்னொரு ஊரில் ஏமாற்றிக் கட்டினவர்களின் பேராகிவிட்டது. அந்த ஊரில் என்ன நடந்தது என்று கேட்காமல், பேர் இருக்கலாமா போகலாமா என்று இங்கே உட்கார்ந்து நாம் தீர்ப்பு எழுதக் கூடாது.

உல்யானவ்ஸ்க் பற்றி யாரும் எழுதவில்லையே. லெனின் பிறந்த ஊர். சிம்பிர்ஸ்க் என்று இருந்ததை 1924-ல் அவர் குடும்பப் பேருக்கு மாற்றினார்கள், இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அங்கே மருத்துவம் படிக்கிற நம் பிள்ளைகள் யாராவது இதைப் பார்த்தால், ஊர்ப் பெரியவர்கள் வீட்டுக்குள் என்ன பேர் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.