பிள்ளைகள் பதாகை பிடித்தால் கடல் ஆறுமா?

கேள்வி (மண்டபம்): 2018இல் ஸ்வீடன் நாடாளுமன்றத்துக்கு முன்னால் பள்ளி மாணவி கிரெட்டா துன்பெர்க், பூமி சூடாவதைத் தடுக்கச் சொல்லித் தனியாக உட்கார்ந்ததைக் கேள்விப்பட்டு, எங்கள் தெருப் பிள்ளைகளும் கடற்கரையில் பதாகையோடு நிற்க ஆசைப்படுகிறார்கள். பயன் உண்டா? வீட்டில் எதை மாற்றலாம்?

பதில் (பாம்பன்): நிற்கட்டும் தம்பி. 2016இல் தண்ணீர் சூடாகி மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை வெளுத்ததே, அதற்கு நிலக்கரியும் பெட்ரோலும் எரிப்பதுதான் பெரிய காரணம், அதை அரசாங்கத்திடம்தான் கேட்க வேண்டும்.

பதில் (சின்னப்பாலம்): நான் கடலில் பாசி எடுக்கப் போகிறவள். விரலில் துணி சுற்றி மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கக் கை விட்டால் கேரிபேக்தான் முதலில் வருகிறது, மனசு பதறுகிறது. 2019லேயே தடை செய்தாச்சு, மீன் வாங்க வருகிறவர்கள் இன்னும் அதையே கேட்கிறார்கள். தூக்குவாளி கொண்டு வாங்க, இல்லை பனை ஓலைப் பெட்டி.

கேள்வி கேட்டவர்: சரி அக்கா. பதாகைக்கும் ஃப்ளெக்ஸ் வேண்டாம், பழைய வேட்டியில் எழுதச் சொல்கிறேன்.