வெள்ளிக்கிழமைக்குள் ராஜினாமா எழுதித் தரச் சொல்கிறார்கள், கையில் 85,000 ரூபாய்தான்

ஒரகடம்_லைன்2:
ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாகக் கம்பெனி. நிரந்தர வேலை, மெஷின் ஆபரேட்டர், சர்வீஸ் 6 வருஷம் 8 மாதம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 18,200, மொத்தம் 28,600. ஆர்டர் இல்லை என்று எங்கள் லைனையே மூடுகிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ராஜினாமா கடிதம் கொடுத்தால் செட்டில்மென்ட் சீக்கிரம் வரும் என்கிறது ஹெச்ஆர். சேமிப்பு 85,000. வாடகை 7,500, பைக் தவணை 3,150, பர்சனல் லோன் தவணை 6,900, கிரெடிட் கார்டு பாக்கி 38,000. இரண்டரைப் பவுன் செயின் ஒன்று இருக்கிறது. மனைவிக்குத் தைராய்டு மாத்திரை ஓடுகிறது, பையன் நாலாவது படிக்கிறான். முதலில் எதைச் செய்வது? பிஎஃப்பை முழுசா எடுத்துவிடலாமா?

படப்பை_சங்கம்:
தோழர், அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

லைனை மூடுவது கம்பெனியின் முடிவு, அதற்குப் பெயர் ஆட்குறைப்பு. "சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்" என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் ஆட்குறைப்பு இழப்பீடு கேட்கிற வழி அடைபட்டுப் போகும். ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்குக் குறைந்தது ஒரு மாத நோட்டீஸ் அல்லது அந்த மாதச் சம்பளம் தரவேண்டும். அதோடு வருஷத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சமும் ஒரு வருஷமாகக் கணக்காகும் என்பதால் உங்களுக்கு ஏழு வருஷம், அதாவது 105 நாள் சம்பளம். ஹெச்ஆர் பேச்சில் இந்தத் தொகை வரவே வராது.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) தனி. 18,200-ஐ 26-ஆல் வகுத்தால் 700. 15 நாளுக்கு 10,500, ஏழு வருஷத்துக்கு 73,500. இது ராஜினாமா செய்தாலும் செய்யாவிட்டாலும் உங்களுடையது, 30 நாளுக்குள் தரவேண்டியது. "கடிதம் கொடுத்தால் கிராஜுவிட்டி தருகிறோம்" என்றால் மயங்காதீர்கள்.

அறைக்குள் கூப்பிட்டு நெருக்கினால், "சொல்வதை மெயிலில் அனுப்புங்க சார், படிச்சுட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். ஏற்கெனவே கையெழுத்து வாங்கிவிட்டால், அன்றைக்கே "வற்புறுத்தி வாங்கப்பட்டது, திரும்பப் பெறுகிறேன்" என்று எழுதி, டெலிவரி சான்று கேட்டு, பதிவு செய்த ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். ஒரு நகலோடு தொழிலாளர் துறையில் மனு கொடுங்கள். இரண்டு நாள் தள்ளிப்போனாலே "யோசித்துத்தான் கொடுத்தார்" என்று வாதாடுவார்கள். செட்டில்மென்ட் தாளில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி கண்டிப்பாக இருக்கும். அதன் கீழே உங்கள் கையாலேயே "மற்ற உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தேதி போடுங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். போன ஆறு மாதச் சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், ஃபார்ம் 16 (வரிப் பிடித்தச் சான்று) மூன்றையும் கம்பெனி லாகின் முடங்குவதற்குள் இறக்கிவைத்துவிடுங்கள்.

கணக்கு_மேசை:
வாடகை போக வீட்டுச்செலவு 10,000 என்று வைத்தால், தவணைகளோடு மாதம் 27,550 ஆகிறது. 85,000 மூன்று மாதத்தில் கரைந்துவிடும். நாலாவது மாதம் வங்கிக்குப் போய் நிற்பதைவிட இப்போதே போவது நல்லது. ஒரு தவணையும் தவறாத கணக்குக்குத்தான் மேலாளர் காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்க முன்வருவார். நிலுவை 90 நாள் தாண்டினால் வாராக்கடன், அப்புறம் பேச்சே வேறு. தவணைத் தேதியில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் உங்கள் வங்கி ஒரு அபராதம், கடன் கொடுத்தவர் ஒரு அபராதம். தவணையை மறுபடி எடுக்கப் பார்த்தால் அபராதம் மறுபடியும் விழும்.

இன்னொன்று, சம்பளம் வராத சம்பளக் கணக்கைச் சில மாதத்தில் சாதாரணக் கணக்காக மாற்றிவிடுவார்கள். குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று அதிலும் பிடிப்பார்கள்.

ஒரகடம்_லைன்2:
படப்பை அண்ணே, ரொம்ப நன்றி. கையெழுத்துப் போடவில்லை, மெயில் கேட்டிருக்கிறேன். கார்டுக்கு இப்போதைக்கு மினிமம் மட்டும் கட்டினால் போதாதா?

கணக்கு_மேசை:
போதாது தம்பி. மாதம் 3.5 சதவீதம் என்று வைத்தால் 38,000-க்கு வட்டி மட்டும் 1,330, அதற்கு ஜிஎஸ்டி வேறு. மினிமம் கட்டுகிறவரை புதிதாக வாங்குகிற மளிகைக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். அந்தச் செயினைக் கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ அடகு வைத்துக் கார்டு பாக்கியை அடைத்துவிடுங்கள். வருஷத்துக்கு 10 சதவீதம் என்றால் மாதம் 317 ரூபாய்தான். மதிப்பீட்டாளர் அதிகம் தருகிறேன் என்பார். 38,000-க்கு மேல் ஒரு ரூபாய் வாங்காதீர்கள், பிறகு மீட்க முடியாது. தெருமுனை அடகுக்கடை வேண்டவே வேண்டாம்.

மாத்திரைச்சீட்டு:
கம்பெனி மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதற்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்திடம் தனிநபர் பாலிசிக்கு மாற்ற எழுத்தில் கேளுங்கள். அப்படி மாற்றினால் இதுவரை கழிந்த காத்திருப்புக் காலம் சேர்ந்து வரும். புதிதாக எடுத்தால் உங்கள் வீட்டுத் தைராய்டு பழைய நோய்க் கணக்கில் போய், அதற்கு மூன்று வருஷம் வரைகூடக் காத்திருக்க வேண்டிவரும். அரிசி அட்டை என்றால் ரேஷனை ஒரு மாதமும் விடாதீர்கள், துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25.

யூஏஎன்_உதவி:
பிஎஃப்பில் தேவையான அளவு மட்டும் எடுங்கள். வேலை போன பிறகு முக்கால் பங்குவரை கேட்கலாம். ஐந்து வருஷம் தாண்டியதால் வரிப் பிடித்தம் இல்லை. பென்ஷன் பகுதியைத் தொடாதீர்கள். பத்து வருஷம் சேர்ந்தால்தான் மாத ஓய்வூதியம். இப்போது எடுத்தால் இந்த ஆறே முக்கால் வருஷமும் அழிந்துவிடும். அதற்குப் பதில் ஃபார்ம் 10சி-யில் திட்டச் சான்றிதழ் கேளுங்கள், இதுவரை சேர்ந்த பென்ஷன் வருஷங்களை அது காப்பாற்றும்.

விண்ணப்பம் திரும்புவது பெரும்பாலும் சின்ன விஷயத்தில்தான். ஆதாரில் இனிஷியல் முன்னால், பிஎஃப்பில் பின்னால். அல்லது வங்கி இணைப்பில் பழைய ஐஎஃப்எஸ்சி (வங்கிக் கிளைக் குறியீடு). விலகல் தேதியைக் கம்பெனி போடாமல் இழுத்தால், கடைசிச் சந்தா மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே போர்ட்டலில் ஆதார் ஓடிபி வைத்துப் பதியலாம். தேதியைக் கவனமாகப் போடுங்கள், ஒருமுறை ஏற்றிவிட்டால் நீங்களாகத் திருத்த முடியாது.