கிராப்பிள் விதி: 2014 பிடியா, 2024 பிடியா?

மலைப்பாம்பு:
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பின் 2024 திருத்தத்தில் கிராப்பிளை (எதிரியைக் கையால் பிடித்து நிறுத்தும் விதியை) மாற்றிய விதம் தவறு என்பது என் கட்சி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

2014இல், அட்டாக் ஆக்‌ஷனில் ஒரு அடியை விட்டுக்கொடுத்துப் பிடிக்கப் போகிறீர்கள். நீங்கள் டி20 (இருபது முகப் பகடை) உருட்டி அத்லெடிக்ஸை (உடல்வலுத் திறனுக்கான எண்ணை) கூட்டுவீர்கள். எதிராளி அத்லெடிக்ஸ், அக்ரோபேட்டிக்ஸ் (உடல் லாவகத் திறன்) இரண்டில் தனக்கு வசதியானதை உருட்டுவான். உங்கள் எண் பெரிதானால் பிடி விழுந்தது. சமமானால் நிலைமை மாறாது, அதாவது பிடி இல்லை.

2024இல் நீங்கள் பகடையையே தொடுவதில்லை. வெறுங்கை அடிக்கு மூன்று வழிகள்: காயம், பிடி, தள்ளு. பிடியைத் தேர்ந்தால் டிசி (எதிராளி எட்ட வேண்டிய எண்) = 8 + ஸ்ட்ரெங்த் மாடிஃபையர் (வலிமைக்கான கூட்டெண்) + ப்ரொஃபிஷியன்சி போனஸ் (பயிற்சிக்கான கூட்டெண்). எதிராளி ஸ்ட்ரெங்த் அல்லது டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சேவ், அதாவது தற்காப்பு உருட்டல், போடுவான்.

இப்போது கணக்கு. 5ஆம் நிலை ஃபைட்டர், ஸ்ட்ரெங்த் 18, அத்லெடிக்ஸ் +7. எதிரே ஓகர் என்ற பெரிய அரக்கன், +4. பழைய விதியில் பிடி விழ 61.75%. புதிய விதியில் டிசி 15, ஓகர் 11 உருட்டினால் தப்பியது, ஆக 50%. அத்லெடிக்ஸில் எக்ஸ்பர்டீஸ் (பயிற்சிக் கூட்டெண் இரட்டிப்பு) இருந்தால் பழையதில் 73.75%. புதியதில் அதே 50. பார்பேரியன் வீரன் ரேஜில் (வெறிநிலையில்) இருந்தால் பழையதில் அட்வான்டேஜோடு உருட்டுவான், அதாவது இரண்டு பகடையில் பெரியதை எடுப்பான். புதியதில் உருட்டவே இல்லையே, அட்வான்டேஜ் எங்கே போய் ஒட்டும்? மல்யுத்தம் பழகிய உடம்புக்கும் பழகாத உடம்புக்கும் ஒரே எண். இதைத்தான் ஏற்க முடியவில்லை.

இருபதுமுகம்:
கணக்கு சரிதான், ஆனா பாதிதான் போட்டிருக்கீங்க. பிடி விழுந்த பிறகு என்ன கிடைக்குதுன்னும் சேர்த்துப் பாருங்க.

2014ல பிடிபட்டவனுக்கு ஸ்பீடு 0. அவ்வளவுதான். அவன் பக்கத்துல நிக்கிற உங்க கிளெரிக்கை எந்தத் தடையும் இல்லாம போட்டு அடிக்கலாம். 2024ல பிடிச்சவனைத் தவிர வேற யாரை அடிச்சாலும் டிஸ்அட்வான்டேஜ், அதாவது ரெண்டு பகடையில சின்னதுதான். முன்வரிசையில நிக்கிறவனோட வேலையே பின்னாடி இருக்கிறவங்களைக் காப்பாத்துறது. அந்த வேலைக்கு இப்பதான் பிடி உதவுது.

அடுத்தது ரியாக்‌ஷன். 2014ல பிடி அட்டாக் ஆக்‌ஷனுக்குள்ள மட்டும்தான். 2024ல ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்கா (விலகி ஓடுறவனை இடையில அடிக்கிறது) வெறுங்கை அடி போடலாம், அதுல பிடியும் அடக்கம். எதிரி உங்களைத் தாண்டி விசார்டை (மந்திரவாதி) நோக்கி ஓடுறான், உங்க கை எட்டுற தூரத்தை விட்டு வெளியேறுறதுக்குச் சற்று முன்னாடி அந்த அடி நடக்குது, சேவ் தோத்தா ஸ்பீடு 0, அதே கட்டத்துல நின்னுடுறான். இதுக்கு முன்னாடி சென்டினல்ங்கிற ஃபீட் (தனித்திறமை) வேணும்.

சுருள்வாசகன்:
இருவருக்கும் ஒரு திருத்தம். ரேஜ் முழுக்க வீணாகவில்லை. அது ஸ்ட்ரெங்த் சேவுக்கும் ஸ்ட்ரெங்த் செக்குக்கும் (திறனைச் சோதிக்கும் உருட்டல்) அட்வான்டேஜ் தருகிறது. ஆகவே 2024இல் பார்பேரியனைப் பிடிப்பது கடினம், பிடித்தாலும் நழுவுவான். பிடிப்பவனாக இருக்கும்போதுதான் ரேஜ் உதவாது. மலைப்பாம்பின் குறை அந்த அளவுக்குச் செல்லும்.

ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் விஷயத்தில் இருபதுமுகம் ஒன்றை விட்டுவிட்டார்: ஒரு கை காலியாக இருக்க வேண்டும். ஒரு கையில் வாள், மறு கையில் கேடயம் என்று நிற்பவரால் முடியாது. கேடயத்தைக் கழற்ற ஒரு ஆக்‌ஷன் போகும், ஏசியில் (தற்காப்பு எண்ணில்) 2 குறையும். இரு கை வாள்காரருக்குச் சிக்கல் குறைவு. அடிக்கும் நொடியில்தான் இரண்டு கையும் வேண்டும், ஆகவே ஒரு கையால் வாளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆளைப் பிடிக்கலாம். ஆனால் பிடி இருக்கும்வரை அந்த வாளால் அடிக்க முடியாது. லாங்ஸ்வோர்டு வைத்திருந்தால் ஒரு கையால் டி8 (எட்டு முகப் பகடை) அடி தொடரும். பிடியை நம்பி விளையாடுகிறவர்களுக்கு அதுவே பொருத்தமான ஆயுதம்.

புதுக்கட்டம்:
இடையில் ஒரு சந்தேகம். மந்திரவாதியைப் பிடிச்சுட்டா அவனால ஸ்பெல் போட முடியாதுதானே? அவனை மத்தவங்க அடிச்சா அட்வான்டேஜும் வருமா?

சுருள்வாசகன்:
இரண்டுமே இல்லை. மேசைகளில் அதிகம் நடக்கும் இரண்டு பிழைகளும் இவையே. பிடிபட்டவனுடைய கை கட்டப்படவில்லை, வாய் பொத்தப்படவில்லை. மந்திரத்துக்கான சோமாட்டிக் (கைவேலை), வெர்பல் (உச்சரிப்பு) இரண்டும் செய்யலாம். மிஸ்டி ஸ்டெப் என்ற இடம்மாறும் மந்திரத்துக்கு வெர்பல் மட்டும் போதும். போனஸ் ஆக்‌ஷனில் 30 அடி தள்ளிப் போய் நிற்பான், கை எட்டும் தூரத்தை விட்டு வெளியேறியதால் பிடியும் முறியும். தண்டர்வேவ் மந்திரம் உங்களைத் தள்ளிவிட்டாலும் அப்படியே. உங்கள் நண்பரே எதிரியைத் தள்ளிவிட்டாலும் உங்கள் பிடி போய்விடும், இதைக் குழுவில் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

அட்வான்டேஜ் என்பது ரெஸ்ட்ரெயின்டு (கட்டுண்ட) நிலைக்கு உரியது, கிராப்பிள்டுக்கு (பிடிபட்ட நிலைக்கு) அல்ல. அட்வான்டேஜ் வேண்டுமானால் பிடித்தபின் தள்ளிக் கீழே சாய்க்க வேண்டும். விழுந்தவன் எழ ஸ்பீடில் பாதி செலவாகும். ஸ்பீடு 0 என்றால் பாதியும் 0, விதியே எழ முடியாது என்கிறது. இப்போது 5 அடிக்குள் நின்று அடிக்கும் எல்லோருக்கும் அட்வான்டேஜ், அவன் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும், உங்கள் மீதானதற்கும், டிஸ்அட்வான்டேஜ். ஆனால் தூரத்திலிருந்து எய்பவருக்கும் டிஸ்அட்வான்டேஜ் வரும். குழுவின் முக்கிய அடி வில்லாளியுடையது என்றால் பிடித்து மட்டும் வையுங்கள், சாய்க்க வேண்டாம்.

மலைப்பாம்பு:
அந்தப் பிடித்துச் சாய்க்கும் உத்தியையே எடுத்துக்கொள்வோம். 5ஆம் நிலையில் இரண்டு அடி, ஒன்று பிடிக்க, ஒன்று தள்ள. ஓகர் மேல் இரண்டும் ஒரே சுற்றில் பலிக்க பழைய விதியில் சுமார் 38%. புதியதில் 25%.

மேல் நிலைகளில் இன்னும் மோசம். 2014 வேம்பயரை (இரத்தக்காட்டேரி) எடுங்கள். டெக்ஸ்டெரிட்டி 18, அக்ரோபேட்டிக்ஸ் பயிற்சி இல்லை, ஆக செக்குக்கு +4. ஆனால் டெக்ஸ்டெரிட்டி சேவ் +9. 11ஆம் நிலை ஃபைட்டர், ஸ்ட்ரெங்த் 20, அத்லெடிக்ஸ் +9. போட்டி உருட்டலில் 70%. டிசி 17 சேவில் 35%. சரிபாதி! பெரிய அரக்கர்களுக்கு சேவ் பயிற்சி இருப்பதே மந்திரங்களைத் தாங்கத்தான். அதையே கைப்பிடிக்கும் கேடயமாகக் கொடுத்துவிட்டார்கள். போதாததற்கு லெஜண்டரி ரெசிஸ்டன்ஸும் (தோற்ற சேவை வெற்றியாக்கும் சக்தி) சேவுக்குத்தான் வேலை செய்யும். பழைய போட்டி செக்கில் அது செல்லாது.

இருபதுமுகம்:
நீங்க குறைன்னு சொல்ற இடத்துலதான் பழைய விதியோட ஓட்டையே இருக்கு. பெரும்பாலான அரக்கர்களுக்கு அத்லெடிக்ஸும் கிடையாது, அக்ரோபேட்டிக்ஸும் கிடையாது. வீரனோட எண் மட்டும் நிலைக்கு நிலை ஏறும். உங்க வேம்பயர் மேலயே எக்ஸ்பர்டீஸ் வெச்சு +13 உருட்டினா 83.5%. மூணு அடியில ஒண்ணாவது விழாம இருக்குமா? ஏசியும் குறுக்க வராது, சேவும் வராது. சேலஞ்ச் ரேட்டிங் (அரக்கனோட கடுமை அளவு) பதிமூணு இருக்கிற ஒரு வில்லன் முதல் சுற்றுலயே தரையில கிடப்பான். அதைத் தடுக்க டிஎம் (ஆட்டத்தை நடத்துறவர்) கையில ஒண்ணுமே இல்ல.

புதுசுலயும் மூணு அடி இருக்கே. ஒவ்வொண்ணும் 35%ன்னாலும், மூணுல ஒண்ணாவது பலிக்க சுமார் 72%. லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் எரிஞ்சா நல்லதுதானே! ஒரு நாளைக்கு மூணே தடவை இருக்கிறதை ஃபைட்டரோட வெறுங்கைக்குச் செலவழிச்சா, உங்க விசார்டோட ஹோல்டு மான்ஸ்டர் (அசையாம நிறுத்துற மந்திரம்) அடுத்து நேரா போய் உட்காரும். முன்னாடி மந்திரக்காரங்க மட்டும் செஞ்ச வேலையை இப்ப ஃபைட்டரும் செய்யலாம், ஸ்பெல் ஸ்லாட் செலவில்லாம.

மலைப்பாம்பு:
லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் வாதம் நான் யோசிக்காதது, அதை ஏற்கிறேன். ஆனால் அது எங்கே பலிக்கும்? வயது வந்த டிராகன் ஹ்யூஜ் அளவு. மனிதன் மீடியம். ஒரு அளவு பெரியதைத்தான் பிடிக்க முடியும், எனவே என்லார்ஜ் மந்திரம் போட்டு லார்ஜ் ஆகாமல் அந்தப் பக்கமே போக முடியாது.

சுருள்வாசகன்:
இன்னொரு முக்கியமான இடம் இருவர் பேச்சிலும் வரவில்லை. 2024இல் உள்ளே வரும் வழி சேவ், வெளியே போகும் வழி செக். பிடிபட்டவன் தன் முறையில் முழு ஆக்‌ஷனைச் செலவழித்து அத்லெடிக்ஸ் அல்லது அக்ரோபேட்டிக்ஸ் உருட்டி அதே டிசியைத் தொட வேண்டும். பல டிஎம்கள் பழக்கத்தில் இங்கேயும் சேவ் கேட்டுவிடுகிறார்கள். வேம்பயருக்கு அது +9 ஆகிவிடும், பிடிப்பவருக்குப் பெரிய அநியாயம். சரியான கணக்கு: +4, டிசி 17, தப்ப 40%. அதற்கு ஒரு ஆக்‌ஷன் போனால் மல்டிஅட்டாக் (ஒரே முறையில் பல அடி) அந்தச் சுற்றில் இல்லை.

ஆனால் இங்கேயும் பழைய விதி இறுக்கம்தான், மலைப்பாம்பு சொல்லாத எண்ணை நான் சொல்கிறேன். பழையதில் அதே வேம்பயர் தப்ப 26.25%. ஓகர் தப்ப பழையதில் 34%, புதியதில் 50%.

முள்வேலி:
பிடியை வெறும் நிறுத்தி வைக்கிற வேலைன்னே பேசிட்டிருக்கீங்க. இழுத்துட்டுப் போறதுதான் அதோட உயிர். ஸ்பைக் குரோத்ங்கிற முள் மந்திரம் போடுங்க, 20 அடி ஆரம், உள்ளே ஒவ்வொரு 5 அடி நகர்வுக்கும் 2டி4 (ரெண்டு நாலுமுகப் பகடை) காயம். நீங்க முள்ளுக்கு வெளியே விளிம்போரமா நடக்கணும், பிடிபட்டவன் உள்பக்கக் கட்டத்துல. இழுக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் கூடுதலா ஒரு அடி செலவு, அதனால 30 அடி ஸ்பீடுக்கு 15 அடி இழுப்பு: 6டி4, சராசரி 15. 2024 கிராப்ளர் ஃபீட் இருந்தா உங்க அளவோ அதுக்குக் கீழோ இருக்கிறவங்களுக்கு அந்தக் கூடுதல் செலவு இல்ல. 30 அடி முழுசா, 12டி4, சராசரி 30. சேவும் இல்ல, அட்டாக் ரோலும் இல்ல.

தப்பு நடக்கிற இடம் ரெண்டு. ஓகர் லார்ஜ், உங்களை விடப் பெரிசு, அதுக்கு ஃபீட் சலுகை கிடையாது. வட்டம் வளையற மூலையில நடந்தா நீங்களே முள்ளுல கால் வைப்பீங்க. மேட்ல (ஆட்டக் கட்ட விரிப்புல) நேரா ஓடுற விளிம்பை முதல்லயே பார்த்து வெச்சுக்கணும்.

இருபதுமுகம்:
முள்வேலி சொன்ன ஃபீட்டே என் கட்சிக்குச் சாட்சி. 2014 கிராப்ளர் ஃபீட்ல இன்னொரு முழு ஆக்‌ஷன் செலவழிச்சு ஆளை அமுக்கினா ரெண்டு பேருமே ரெஸ்ட்ரெயின்டு. எடுக்கவே தோணாத ஃபீட். 2024ல ஒரு முறைக்கு ஒரு தடவை, ஒரே வெறுங்கை அடியில காயமும் பிடியும். மாங்க் (வெறுங்கைச் சண்டைத் துறவி) கையில கொடுத்துப் பாருங்க, அவர் டிசியை டெக்ஸ்டெரிட்டியாலயே கணக்குப் போடலாம், போனஸ் ஆக்‌ஷன் அடியையும் பிடிக்குப் பயன்படுத்தலாம். ஒல்லியான மாங்க் ஆளைப் பிடிச்சு நிறுத்துறது பழைய விதியில நடக்காத காரியம்.

புதுக்கட்டம்:
பாத்ஃபைண்டர் என்ற இதேபோன்ற விளையாட்டின் இரண்டாம் பதிப்பில் இது எப்படி?

சுருள்வாசகன்:
சுருக்கமாக: அத்லெடிக்ஸை எதிராளியின் ஃபோர்டிட்யூட் (உடல் தாங்குதிறன்) டிசிக்கு எதிராக உருட்டுவீர்கள். கிரிட்டிகல் வெற்றி (பெருவெற்றி) என்றால் ரெஸ்ட்ரெயின்டு, சாதா வெற்றி என்றால் கிராப்டு (பிடிபட்ட நிலை), கிரிட்டிகல் தோல்வி என்றால் அவன் உங்களைப் பிடித்துவிடலாம். பிடி உங்கள் அடுத்த முறையின் முடிவு வரைதான், ஒவ்வொரு முறையும் புதுப்பிக்க வேண்டும். அட்டாக் என்ற அடையாளம் இருப்பதால் அடுத்த அடிக்கு 5 குறையும். மலைப்பாம்பு கேட்கும் பயிற்சிக்கான மதிப்பும் இருபதுமுகம் கேட்கும் அரக்கனுக்கான தற்காப்பும் அங்கே ஒன்றாக இருக்கின்றன. பிடிபட்ட மந்திரவாதிக்குக்கூட, கைவேலை கேட்கும் மந்திரங்களுக்கு 5 அல்லது அதற்கு மேல் உருட்ட வேண்டிய தடை உண்டு.

மலைப்பாம்பு:
அப்படியானால் 2024 மேசைக்கு என் யோசனை: டிசி = 8 + அத்லெடிக்ஸ். பயிற்சி உள்ளவனுக்கு +7 என்றால் அதே 15, எதுவும் மாறவில்லை. எக்ஸ்பர்டீஸ் உள்ளவனுக்கு 18. பயிற்சியே இல்லாதவனுக்கு 12.

இருபதுமுகம்:
5ஆம் நிலையில அழகா இருக்கு. 17ஆம் நிலைக்குப் போங்க. ஸ்ட்ரெங்த் கூட்டெண் 5, எக்ஸ்பர்டீஸ் 12, டிசி 25. ஓகர் 20 உருட்டினாலும் 24. சேவுல 20 விழுந்தா தானா ஜெயிக்கிறதுன்னு ஐந்தாம் பதிப்புல விதி கிடையாது. தப்பவும் அதே டிசி. உள்ளே வந்தா வெளியே போகவே முடியாத பிடி.

மலைப்பாம்பு:
அதைத்தான் நானும் சொல்கிறேன்! போட்டி உருட்டலில் அதே +17க்கு எதிராக ஓகருக்கு 7% தடுக்க வாய்ப்பு, 5.25% தப்ப வாய்ப்பு. இரண்டு பகடை உருளும்போது வீரன் 1 உருட்டலாம், ஓகர் 20 உருட்டலாம். நிலையான டிசி அந்த வாலை வெட்டிவிடுகிறது.

இருபதுமுகம்:
அப்ப எக்ஸ்பர்டீஸ் இருந்தா டிசிக்கு வெறும் +2, அதுவும் உள்ளே வர்ற சேவுக்கு மட்டும். தப்பிக்கிற டிசி புத்தகத்துல உள்ளபடியே. 5ஆம் நிலையில ஓகர் மேல 60%. 17ஆம் நிலையில டிசி 21, ஓகர் 17 உருட்டணும், 20% வாய்ப்பு இருக்கு. வேம்பயருக்கும் மூச்சு விட இடம் இருக்கும்.

மலைப்பாம்பு:
+2 எனக்குப் போதவில்லை, பழைய 73.75க்கு 60 ஈடல்ல. ரேஜில் இருக்கும் பார்பேரியனுக்கும் அதே +2 கொடுத்தால், இரண்டும் சேர்ந்து +4 வரை போகலாம் என்றால், ஒப்புக்கொள்கிறேன். 5ஆம் நிலையில் டிசி 19, ஓகர் மேல் 70%.

சுருள்வாசகன்:
+4 வைத்தால் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்கில் அது செல்லாது என்று எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பார்பேரியனைத் தாண்டி யாருமே ஓட முடியாது. டிஸ்எங்கேஜ் (அடிபடாமல் விலகுதல்) எடுத்து ஒரு ஆக்‌ஷனை இழப்பது ஒன்றே வழி என்று ஆகிவிடும்.