பறவைத் தாக்குதலா, சீவராசி மோதுகையா?

வணக்கம். பறவையோ விலங்கோ விமானத்தில் மோதுவதை ஆங்கிலத்தில் bird strike, wildlife strike என்கிறார்கள். அதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாகச் சொல்லப்பட்ட "பறவைத் தாக்குதல்" வேண்டாம் என்பது என் கருத்து. பரிந்துரைத்த ஐயா கோபிக்கக்கூடாது.

தாக்குவதற்கு ஒரு நோக்கம் வேண்டும். 2009 ஜனவரியில் நியூயோர்க்கில் ஓர் ஏர்பஸ் விமானத்தின் இரண்டு இயந்திரங்களுக்குள்ளும் கனடா வாத்துகள் சிக்கின. விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்க, 155 பேரும் உயிர்தப்பினார்கள். அந்த வாத்துகள் தம்பாட்டில் பறந்து போனவை. அதோடு, விமானம், தாக்குதல் என்ற இரண்டும் ஒரே வரியில் வந்தால் இலங்கையில் நமக்குக் குண்டுவீச்சுதான் ஞாபகம் வரும். போரைப் பார்த்த சனங்களிடம் அந்தச் சொல்லைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

சரி, "மோதல்" என்று வைக்கலாமா? அதை "யானை-மனித மோதல்" எடுத்துக்கொண்டுவிட்டது. அம்பாந்தோட்டைப் பக்கம் 2013இல் திறந்த மத்தள விமான நிலையத்தையே பாருங்கள். ஓடுபாதைக்கு வரும் யானை, எருமைகளைத் துரத்த 2016இல் படையினரும் பொலிஸாரும் நூற்றுக்கணக்கில் இறக்கப்பட்டார்கள். அங்கே "வனசீவராசி மோதல்" என்று எழுதினால், விமானத்தில் யானை அடிபட்டதா, ஊருக்குள் யானை புகுந்ததா என்று புரியாது. ஆகவே "மோதுகை". ஒரு தடவை நடந்து முடிந்த செயலை அது சுட்டும்.

"வன" என்பதையும் எடுத்துவிடலாம். ஓடுபாதைக்குள் தெருநாயும் கட்டாக்காலி மாடும் கூடத்தான் வருகின்றன. வெறும் "விலங்கு" என்றால் பறவை விடுபட்டுப்போகும். வனசீவராசிகள் திணைக்களத்தின் பெயர்ப்பலகையில் படித்துப் பழகிய "சீவராசி" இரண்டையும் அடக்கும். எனவே "சீவராசி மோதுகை". பறவையை மட்டும் சொல்ல "பறவை மோதுகை".

மோதும் முன்பே இருக்கிற ஆபத்து நிலைக்கு "அபாயம்" போதும். "மண்சரிவு அபாயம்" என்ற எச்சரிக்கையை ஒவ்வொரு மழைக்கும் கேட்கிற மலைநாட்டாருக்கு, மண் சரியும் முன்பே அபாயம் உண்டு என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

பறவைகளை அகற்றும் வேலைக்கு என் மனம் "ஓப்புதல்" பக்கம் சாய்கிறது. தினைப்புனத்தில் கிளி ஓப்பிய குறிஞ்சி நிலத்துச் சொல் அது, நம் மலைக்குப் பொருந்தும். ஆனால் அவசரத்தில் "ஒப்புதல்" என்று படித்துவிட்டால் விமான நிலையத்தில் அது விபரீதம். "விரட்டுதல்" என்றே இருக்கட்டும். அப்புறம், விரட்டுவது மட்டுமே வேலையுமில்லை. கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையில் மைனாக்கள் இறங்கி மேய்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒட்ட வெட்டிய புல்லிலும் அப்படித்தான், அதனால் பல விமான நிலையங்களில் புல்லைக் கொஞ்சம் உயரமாகவே விடுகிறார்கள். இதற்கு "வாழிடப் பராமரிப்பு" என்பேன்.

இன்னொன்று. "ஓடுபாதைச் சீவராசி அபாயம்" என்று ஓர் அக்கா எழுதியிருந்தார். எங்கள் மலைநாட்டுக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நீர்விமானம் இறங்கியிருக்கிறது. அங்கே ஓடுபாதை கிடையாது, நீர்க்காகம் உண்டு. அதனால் "ஓடுபாதை"யைக் கலைச்சொல்லுக்குள் சேர்க்க வேண்டாம், அக்கா.