சொக்குவோட முதுகும் மூணு போட்டோவும்

குழு: வளவு வீட்டுப் பிள்ளைகள்

சொக்கு (பெங்களூரு): அயித்தான், இந்தத் தடவை காரைக்குடிக்கு நம்ம வீட்டுப் படைப்பு பூசைக்கு என் மீட்டியார் பைக்குலயே வரலாம்னு இருக்கேன். ஓட்டுறவுக முதுகு சாயுற பேக்ரெஸ்ட் ஒண்ணு மாட்டணும். மூணு பார்த்து வச்சிருக்கேன், எதுன்னு சொல்லுங்க

சொக்கு: 📷 📷 📷

ராமு அம்மான்: பஸ்ஸுல வந்தா பேக்ரெஸ்ட் இலவசம்டா

சொக்கு: அம்மான் 😑

மெய்யம்மை ஆச்சி: அவ்வளவு தூரம் வண்டியிலயா? ராத்திரியில ஓட்டக்கூடாது. சொல்லிப்புட்டேன்

அழகப்பன் அயித்தான்: போட்டோ அப்புறம் பாக்குறேன். மொதல்ல எங்க வலிக்குதுன்னு சொல்லு. இடுப்புக்கு மேலயா, தோள்பட்டைக்கு நடுவுலயா?

சொக்கு: இடுப்புலதான். கிருஷ்ணகிரி தாண்டுனா ஆரம்பிச்சிரும். நாமக்கல் வர்றதுக்குள்ள ஒரு பக்கமா சாஞ்சு உக்காந்து ஓட்டுறேன்

அழகப்பன் அயித்தான்: அப்ப சரி. தோள்பட்டை நடுவுல வலிச்சா ஹேண்டில் எட்டலைன்னு அர்த்தம். அதுக்கு ஹேண்டிலைத்தான் கிட்ட கொண்டு வரணும், பின்னாடி என்னத்தை மாட்டினாலும் கேக்காது

அழகப்பன் அயித்தான்: உன் வண்டியில ஃபுட்ரெஸ்ட் முன்னாடி தள்ளி இருக்கு. கால் நீட்டி உக்கார்றப்ப காலால உடம்பைத் தாங்க முடியாது, பள்ளம் குழி எல்லாம் நேரா வால் எலும்புலதான் இறங்கும். என் ஹிமாலயன் பைக்குல கால் அடியிலயே இருக்கு, பள்ளம் வந்தா எந்திரிச்சு நின்னுக்குவேன். அதுல பேக்ரெஸ்ட் போட்டா நிக்கிறப்ப இடிக்கும். எனக்கு வேண்டாத சாமான், உனக்கு வேணும்

மீனாள் (மதுரை): அயித்தான் சொல்றது சரிதான் அண்ணே. நேரம் ஆக ஆக இடுப்புல இருக்குற உள்வளைவு காணாமப் போயி முதுகு கூன ஆரம்பிக்கும். அப்பத்தான் முதுகெலும்புக்கு நடுவுல இருக்குற டிஸ்க்குல அழுத்தம் ஏறும். 1970கள்லயே ஸ்வீடன்ல நாச்செம்சன்னு ஒரு டாக்டரும் அவரு கூட்டாளிகளும் டிஸ்க்குக்குள்ளயே ஊசி விட்டு அளந்து பார்த்தாங்க. நாற்காலியில முதுகைக் கொஞ்சம் பின்னால சாச்சு, இடுப்புக்கு ஒரு தாங்கல் குடுத்தா அழுத்தம் குறையுதுன்னு வந்துச்சு

ராமு அம்மான்: ஊசியை உள்ள விட்டா?? யாருப்பா ஒத்துக்கிட்டாக

மீனாள்: அம்மான் 😂 அதை விடுங்க. அண்ணே, தாங்கல் இடுப்புப் பள்ளத்துலதான் படணும். பெல்ட் கட்டுற இடத்துக்குச் சத்த மேல. அதுக்கு மேல போனா முதுகை முன்னால தள்ளும், உடம்பு பாரம் கைக்கு வந்து மணிக்கட்டு மரத்துப் போகும்

அழகப்பன் அயித்தான்: இப்ப போட்டோவுக்கு வாறேன். மொதல் போட்டோ வேண்டாம். தோள் வரைக்கும் உசரம். பாக்க ராஜா சிம்மாசனம் மாதிரி இருக்கும், லேன் மாத்துறப்ப திரும்பிப் பாக்க விடாது. ஜாக்கெட் வேற அதுல சிக்கும்

அழகப்பன் அயித்தான்: ரெண்டாவது பெல்ட் போட்டுப் பின் சீட்டுல கட்டுறது. விலை குறைச்சல். ஆனா நல்லா சாஞ்சேன்னா பின்னால நகந்துக்கிட்டே போகும். நகர்ற பொருள் மேல சாயுறதுக்குச் சாயாமலே வரலாம்

அழகப்பன் அயித்தான்: மூணாவது பரவாயில்லை. போல்ட் போட்டு ஃப்ரேமோட நிக்குது. மேல கீழ ஏத்தி இறக்கலாம், முன்னால பின்னால தள்ளலாம். இந்த ரெண்டும் இல்லாததைத் தொடாதே

வள்ளி: அழகப்பண்ணே ஒரு சந்தேகம். இதை மாட்டினா நான் எங்க உக்கார்றது?

ராமு அம்மான்: அப்படிக் கேளு ஆத்தா

சொக்கு: நீ ரயில்ல வர்றேன்னு சொன்னியே

வள்ளி: யோசிக்கிறேன்னு சொன்னேன்

மெய்யம்மை ஆச்சி: ரயில்லயே வா வள்ளி. சாமான் வேற இருக்கும்

அழகப்பன் அயித்தான்: வள்ளி கேட்டது நல்ல கேள்வி. சாயுற பேடு பின் சீட்டு மேலதான் நிக்கும். பின்னால உக்கார்றவுக முழங்கால் இடிக்கும், ஏறி இறங்கவும் சங்கடம். மடக்குற மாதிரி விக்கிறாக, மடக்கினாலும் சீட்டு மேல ஒரு மேடு இருக்கத்தான் செய்யும். லாக் பின்னைத் தட்டி அப்படியே உருவி எடுக்குற மாதிரி இருக்கான்னு கேளு. வள்ளி வர்றப்ப உருவிப் பையில போட்டுக்கலாம்

அழகப்பன் அயித்தான்: இன்னொண்ணு. நீ பின் பக்கமாக் காலைத் தூக்கிப் போட்டு ஏறுற ஆளு. இது நடுவுல நின்னா காலை இன்னும் உசரத் தூக்கணும். மீட்டியார் சீட்டு உசரம் 765 மில்லிமீட்டர்தான், அதனால சமாளிச்சுக்கலாம். மொதல்ல சைட் ஸ்டாண்டு போட்டு வீட்டு வாசல்ல பழகிக்க

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சொக்கு: அம்மான், என்ன அழிச்சீக

ராமு அம்மான்: ஒண்ணுமில்லை. உன் தொப்பையைப் பத்தி ஒரு கருத்து

மெய்யம்மை ஆச்சி: இங்க வந்து உளுந்தங்களி கிண்டித் தர்றேன், கருப்பட்டி போட்டு. இடுப்புக்கு அதைவிட எதுவும் கிடையாது

மீனாள்: களியும் சாப்பிடட்டும் ஆச்சி. ஆனா மணிக்கு ஒருக்கா வண்டியை நிறுத்தி இறங்கி நடக்கச் சொல்லுங்க. பேக்ரெஸ்ட் இருக்குன்னு திருச்சி வரைக்கும் இறங்காம வந்தா எந்தத் தாங்கலும் காப்பாத்தாது

அழகப்பன் அயித்தான்: வாங்குறதுக்கு முன்னால செலவில்லாம ஒண்ணு செஞ்சு பாரு. உன் துணிப் பையைப் பின் சீட்டுல குறுக்கா வச்சு, முன் விளிம்பு உன் இடுப்புல லேசாப் படுற மாதிரி நல்லா இறுக்கிக் கட்டு. ஓசூர் போயிட்டு வா. வலி குறைஞ்சா வாங்கு. குறையலைன்னா சீட்டு ஃபோமைத்தான் மாத்தணும், பணம் மிச்சம். நிறையப் பேருக்கு அந்தப் பையே போதும்ங்கிறது என் கட்சி

சொக்கு: இது யோசிக்கலையே அயித்தான் 👌

சொக்கு: பேடு கவர் ரெக்சின்னு போட்டிருக்கான். வெயில்ல வேர்த்துக் கொட்டாது?

அழகப்பன் அயித்தான்: கொட்டும். பிராக்கெட் மட்டும் நல்லதா வாங்கிக்க. பேடை இங்க காரைக்குடியில சீட்டு தைக்கிறவர்கிட்டக் குடுத்துத் தச்சுக்கலாம். கெட்டி ஃபோம் வைக்கச் சொல்லு, மெத்துமெத்துன்னு இருக்குறது கடையில உக்காந்து பாக்கத்தான் நல்லா இருக்கும், ஒரு மணி நேரத்துல அமுங்கிக் கம்பி தட்டும். மேல காத்துப் போற துணி. அகலமும் அதிகம் வேண்டாம், முழங்கை பின்னால வர்றப்ப இடிக்கக்கூடாது

அழகப்பன் அயித்தான்: போல்டுக்கு உள்ள நைலான் வளையம் வச்ச நைலாக் நட்டு போடு. மாட்டி ஓட்டுன மொத நாளே ஒரு தடவை இறுக்கிப் பாரு, அதிர்வுல கழண்டுக்கும். பின் ஷாக்கையும் பாத்துக்க, இறுக்கம் மாத்த ஆறு படி இருக்கு. தனியா வர்றப்பவும் வள்ளியோட வர்றப்பவும் ஒரே படியில வச்சிருந்தா எப்படி

சொக்கு: அது கம்பெனியில வச்ச படியிலயே இருக்கு 🙈

ராமு அம்மான்: அதானே பார்த்தேன்

மீனாள்: வள்ளி, அண்ணனை வண்டியில உக்கார வச்சு அளந்து அனுப்புறியா? ஜாக்கெட் போட்டு, ரெண்டு கையும் ஹேண்டில்ல இருக்கணும். சீட்டு அமுங்குன அப்புறம், சீட்டு மேல்மட்டத்துலருந்து இடுப்புப் பள்ளம் வரைக்கும். விறைப்பா நிமிந்து உக்காந்தா செல்லாது, எப்பவும் ஓட்டுற மாதிரி உக்காரச் சொல்லு

வள்ளி: இருங்க, தையல் டேப் எடுத்துட்டு வர்றேன்

வள்ளி: 8 இன்ச் வருது. மூச்சை உள்ள இழுத்துக்கிட்டே உக்காந்திருக்காக

ராமு அம்மான்: 😂😂

அழகப்பன் அயித்தான்: அப்ப பேடோட நடுமையம் 8 இன்ச்சுல வரணும், மேலயும் கீழயும் ரெண்டு ரெண்டு இன்ச் நகரணும். மூணாவது போட்டோக்காரன்கிட்ட இதைக் கேளு. நகராதுன்னா விட்டுரு, வேற பாப்போம். அதுவரைக்கும் பையைக் கட்டு