புதுப்பிப்பு: ஆறு பேர் அமரும் கூட்ட அறைக்கு வாங்கிய கருவி

திருப்பூரில் உள்ள எங்கள் சிறிய பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தின் கூட்ட அறையில் வீடியோ கூட்டங்கள் நடத்த எந்தக் கேமரா, எந்த மைக் பொருந்தும் என்று முன்பு உங்களிடம் கேட்டிருந்தேன். பலரின் பரிந்துரைப்படி, கேமரா, மைக், ஸ்பீக்கர் மூன்றும் ஒன்றாக அமைந்த லாஜிடெக் மீட்அப் கருவியை வாங்கினோம். அதன் பார்வைக் கோணம் 120 பாகை என்பதால், டிவிக்கு மிக அருகில் அமர்ந்திருப்பவர்களும் திரையில் தெரிகிறார்கள்.

படத்தைவிட ஒலியைக் கவனியுங்கள் என்று நீங்கள் சொன்னது மிகச் சரி. ஒரு பக்கம் கண்ணாடித் தடுப்பும் தரையில் டைல்ஸும் இருப்பதால் குரல் எதிரொலித்தது. கனத்த திரைச்சீலையும் தரைவிரிப்பும் போட்ட பிறகு, மேசையின் கடைசியில் இருப்பவர் பேசுவதும் ஜெர்மனியிலுள்ள பையருக்கு (எங்களிடம் ஆடை வாங்குபவருக்கு) தெளிவாகக் கேட்கிறது. எந்தக் கருவி வாங்குவதானாலும் முதலில் அறையைச் சரிசெய்யுங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

சாதாரண யுஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டரைத் தாண்டினால் நம்ப முடியாது என்பதால், கருவியிலிருந்து மேசை வரைக்கும் ஆக்டிவ் கேபிள் (சிக்னலை வலுப்படுத்தும் சிப் உள்ள கேபிள்) இழுத்திருக்கிறோம்.

துணியின் நிறத்தை மட்டும் எந்தக் கேமராவிலும் முடிவு செய்ய வேண்டாம். ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்துக்கு ஏற்ப கேமரா நிறத்தைச் சரிசெய்வது) தானாக மாறும்போது இளம்பழுப்பு சாம்பலாகத் தெரிகிறது. லேப் டிப் மாதிரிகளை (நிறத்துக்கு ஒப்புதல் வாங்கச் சாயமிட்ட சிறு துணித் துண்டுகளை) இப்போதும் கூரியரில்தான் அனுப்புகிறோம்.